துறவோர் குழுவும் அடிமைக் கூட்டமும்

சில வருஷங்களுக்கு முன், ஒரே வாரத்தில் இரு பெற்றோர் எம்மைக் காண வந்தனர். முதலில் வந்தவர் கடலூர்ப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு தந்தையார். அவருடைய மகள் நம் கலாசாலையில் பட்ட வகுப்பின் இறுதி வருஷத்திற் பயின்றுகொண்டிருந்தாள். கன்னியர் மடமொன்றிற் சேரத் தான் உறுதி கொண்டிருப்பதாக அவள் வீட்டாருக்கு எழுதிவிட்டாள். "எவரோ என் மகளை மயக்கிவிட்டார்கள், ஐயா, அது மடமன்று, ஏதோ ஒரு 'கல்ட்'!" என்று அவர் எம் எதிரில் நின்று கண்ணீர் வடித்தார். இரண்டாவதாக வந்தவர் ஒரு தாயார்; நம்மிடம் பட்டம் பெற்று, மேற்படிப்பின்பொருட்டுச் சிதம்பரத்தில் அறையெடுத்துத் தங்கியிருந்த பழைய மாணவர் ஒருவரின் அன்னை. அவர் முறையிட வரவில்லை. நன்றி கூற வந்தார். தம் மகன் ஒரு ஜெப வீட்டாரோடு சேர்ந்தபின் தீய சகவாசங்களை அறவே விட்டொழித்தான் என்றும், விடியுமுன் எழுந்து வேதம் வாசிக்கிறான் என்றும் பூரித்துப் பேசினார். எழுந்து போகுந்தறுவாயில், அவன் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீட்டுக்கு வரவில்லை என்றும், உபகாரச் சம்பளத்தை அப்படியே அவ்வீட்டுத் தலைவரிடம் ஒப்படைத்துவிடுகிறான் என்றும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தார். யாம் தந்தையாரோடு சேர்ந்து கவலைப்பட்டோம். தாயாரை வாழ்த்தி அனுப்பினோம். இரண்டிலும் எம் கணிப்புத் தவறாயிற்று. அத்தவறு எங்ஙனம் நேர்ந்ததென்று பின்னர் ஆராய்ந்ததன் பயனே இக்கட்டுரை.

முதலிற் சொல்லைக் கவனிப்போம். 'கல்ட்' என்பது வழிபாடு எனப் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பழைய நூல்களில் அஃது ஓர் இழிசொல்லன்று. இக்காலத்திலோ, ஒருவரை அவர்தம் வீட்டாரிடமிருந்தும் தம் புத்தியிலிருந்தும் பிரித்துத் தன்வசப்படுத்திக்கொள்ளும் கூட்டத்திற்கே அப்பெயர் வழங்குகிறது. சபை, சங்கம், மடம், மார்க்கம் என்று தமிழில் உள்ள சொற்களுள் ஒன்றும் இதற்குப் பொருந்துவதாயில்லை. 'கள்ள உபதேசக் கூட்டம்' என்று நம் போதகர்கள் சொல்வதுண்டு. அது உபதேசத்தைச் சுட்டுகிறதேயன்றி, கூட்டத்தின் நடையைச் சுட்டவில்லை. யாம் இங்கு 'அடிமைக் கூட்டம்' என்று வழங்குவோம். தேவனுடைய அடிமை என்பது வேதாகம வழக்கிற் பெருமைக்குரிய பட்டமாயிற்றே என்று வினவுவோர் உளர். தேவனுக்கு அடிமையாதல் வேறு; தேவன் பேரைச் சொல்லும் ஒரு மனிதனுக்கு அடிமையாதல் வேறு. அவ்விரண்டையும் பார்வைக்கு ஒன்றாகத் தோன்றச் செய்வதிலேதான் அடிமைக் கூட்டத்தின் சாமர்த்தியமெல்லாம் அடங்கியிருக்கிறது.

சிறு தொகையினர் என்பதாலும், தாய்ச் சபையைவிட்டுப் பிரிந்தவர்கள் என்பதாலும் ஒரு கூட்டத்தை ஐயுறுவது நம்மவர் வழக்கம். அவ்வாறாயின், ஆதித் திருச்சபையே முதற்கண் ஐயுறத்தக்கதாகும். பேலிக்ஸ் என்னும் தேசாதிபதியின் எதிரில் பவுல் நிறுத்தப்பட்டபோது, நசரேய மதபேதத்துக்குத் தலைவன் என்பதே அவர்மேற் சாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்று. அவ்வளவு தூரம் போவானேன்? நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கார்ல் ஓக்ஸ் என்பார் லைப்சிக் மிஷனைச் சேர்ந்த ஜெர்மானிய மிஷனெரி. திருச்சபைக்குள்ளே ஜாதி வேற்றுமையைப் பொறுத்துக்கொள்வதா என்பதுபற்றி அம்மிஷனாரோடு மாறுபட்டு விலகி, 1861-இல் கடலூருக்கு மேற்கே மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்னும் ஊழியத்தலத்தை அவர் நிறுவினார். அந்நாளில் அவரைப் பிரிவினைக்காரரென்று கருதியோர் பலர் இருந்திருப்பர். சில வருஷங்களுக்குள் டென்மார்க்கு நாட்டு மிஷன் சங்கம் அவ்வூழியத்தை ஏற்றுக்கொண்டது. அதன் வழிவந்ததே இன்று கடலூரைத் தலைமையிடமாகக் கொண்டு விளங்கும் ஆர்க்காடு லுத்தரன் திருச்சபை. பிரிந்து நின்ற ஒரு சிறு குழுவின் பேரப்பிள்ளைகளே நம் மாணவருட் பலர் என்பதை அவர்கள் நினைவிற்கொள்வது நன்று.

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் புகைவண்டி ஆலப்பாக்கத்தையும் புதுச்சத்திரத்தையும் கடந்து பரங்கிப்பேட்டையில் நிற்கும். வெள்ளாறு கடலொடு கலக்கும் அவ்வூரிலே 'சேவா மந்திர்' என்னும் பெண்கள் பள்ளி உள்ளது. அவ்வழியே அன்றாடம் போய்வரும் நம் மாணவருள் அதன் வரலாற்றை அறிந்தவர் சிலரே. ஆன் மேரி பீட்டர்சன் என்னும் டேனிஷ் மாது 1909-இல் மிஷன் ஊழியத்தின்பொருட்டு இந்தியாவுக்கு வந்தவர். 1917-இல் அவரும், அவர் நாட்டவரும் டேனிஷ் மிஷனைச் சேர்ந்தவருமான எஸ்தர் ஃபேரிங் என்னும் இளமாதும் அகமதாபாத்து சென்று காந்தியடிகளைக் கண்டனர். அது முதல் இருவர் வாழ்வும் வேறு திசையில் திரும்பிற்று. காந்தியடிகளோடு எஸ்தர் கொண்ட நட்பை அவருடைய மிஷன் அதிகாரிகள் விரும்பவில்லை. அவர் மிஷனைவிட்டு விலகினார். காந்தியடிகள் அவருக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் நூலாகவே வெளிவந்தன. பீட்டர்சன் அம்மையாரும் தம் மிஷனைவிட்டு நீங்கி, இந்தியக் கிறிஸ்தவப் பெண்களுக்கு இந்திய முறையிற் கல்வி தரும் தேசியப் பள்ளியொன்றைப் பரங்கிப்பேட்டையில் அமைக்கத் துணிந்தார். அதற்கு அடிக்கல் நாட்டியவர் காந்தியடிகளே. 1921 செப்டம்பரில், மதுரையில் அவர் அரையாடை பூணுவதற்குச் சில நாள் முன்னர், அது நிகழ்ந்தது.

வெளியிலிருந்து நோக்குவோர்க்கு அவ்வீடு எங்ஙனம் தோன்றியிருக்கும்! தன்னை அனுப்பிய மிஷனைவிட்டு நீங்கிய ஓர் அந்நிய மாது. அரசாங்கத்தார் ஐயக்கண்கொண்டு நோக்கிய ஒரு தலைவரின் நட்பு. கடலோரத்திலே தனித்ததொரு வீடு. அங்கே கதருடுத்துக் கூடி வாழும் இளம்பெண்கள். இக்காலத்துப் பத்திரிகையொன்று அக்காட்சியைக் கண்டால் என்ன தலைப்பிடும் என்பதை எண்ணிப் பார்க்கிறோம். ஆயினும் அஃது அடிமைக் கூட்டமன்று. காரணம் யாதெனில், அங்குச் சேர்ந்த பெண்கள் படித்துத் தேறி வெளியே சென்று வாழ்வதற்காகவே சேர்க்கப்பட்டார்கள். பள்ளிக்கூடம் என்பது, உள்ளே வந்தவர் ஒரு நாள் வெளியேறுதற்கென்றே கட்டப்படும் வீடு. அம்மையார் 1951-இற் காலமானார். அவரோடு அப்பள்ளி முடிந்துவிடவில்லை.

உடையும் உணவும் கட்டுப்பாடும்கூட உரைகல்லாகா. வட ஆர்க்காட்டுத் திருப்பத்தூரில் 1921-இல் டாக்டர் சவரிராயன் ஜேசுதாசனும், ஸ்காத்லாந்து தேசத்தவரான டாக்டர் எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டனும் நிறுவிய கிறிஸ்துகுல ஆசிரமத்தை எண்ணுக. மணம் செய்துகொள்ளாமை, கதராடை, எளிய உணவு, ஊதியமின்றி ஏழைகளுக்கு மருத்துவம் புரிதல், கோபுரத்தோடு திராவிடச் சிற்ப முறையிற் கட்டிய ஜெபாலயம் ஆகிய இவையெல்லாம் அக்காலத்துக் கிறிஸ்தவருக்குப் புதுமையாகவே இருந்தன. 1932-இற் சென்னை வீதியிலே கதருடுத்து நின்ற பேட்டனைப் போலீசார் தடிகொண்டு தாக்கினர். ஆசிரமத்தில் அவ்விரு தலைவர்களையும் எவ்வாறு அழைத்தனர் தெரியுமா? குருதேவர் என்றன்று, தந்தை என்றுமன்று. பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அழைத்தனர். இச்சிறு வழக்கை யாம் பெரிதாக மதிக்கிறோம். அண்ணனோடு தம்பி வாதாடலாம். வாதாடியபின் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணலாம். தெய்வத்தோடு எவர் வாதாடுவார்?

இனி, பிழையான உபதேசமே அடையாளமென்று சிலர் கூறுவர். இது சற்று நின்று ஆராயத்தக்கது. பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமண குடும்பத்தில் இராமய்யன் என்னும் பெயரோடு பிறந்து, 1861-இல் ஞானஸ்நானம் பெற்று, யுஸ்துஸ் ஜோசப் என்னும் பெயரோடு திருவிதாங்கூரிற் குருவாக ஊழியம் செய்தார் ஒருவர். சிறந்த கவி, வித்துவான்குட்டி என்று மலையாளத்தார் அவரைப் போற்றினர். 1875-இல் அவரைச் சார்ந்த எழுப்புதல் கூட்டத்தார், இன்னும் ஆறு வருஷத்தில் கிறிஸ்து திரும்பி வருவாரென்று நாள் குறித்தனர். 1881 வந்தது, குறித்தது நிகழவில்லை. அதன்பின் அவர்கள் யூயோமயம் என்னும் தனிச் சபையாய் நின்றனர். நாள் குறித்தது பெரும் பிழையென்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் பிழைபட்ட உபதேசமுடையோர் அனைவரும் பிறரை அடிமைப்படுத்துவோரென்று கொள்ளுதல் நியாயமன்று. அவர் இயற்றிய கீர்த்தனைகளை மலையாள நாட்டுச் சபைகள் இன்றளவும் பாடுகின்றன. இதன் மறுபுறமே அஞ்சத்தக்கது. விசுவாசப் பிரமாணத்தை ஓர் எழுத்தும் பிசகாமற் சொல்லிக்கொண்டே ஒரு தலைவன் தன்னைச் சேர்ந்தோரைச் சிறைப்படுத்தக் கூடும். அந்தத் தாயார் வந்தபோது யாம் ஏமாந்தது இவ்விடத்தில்தான். அவ்வீட்டாரின் உபதேசம் யாதென்று மட்டும் கேட்டோம், குற்றம் ஒன்றும் காணவில்லை, வாழ்த்தி அனுப்பிவிட்டோம்.

அங்ஙனமாயின் உரைகல் எது? வாயிலே உரைகல் என்று கூறுவோம். உள்ளே நுழையும் வாயிலும் வெளியேறும் வாயிலும் எவ்வளவு அகலமுடையன என்று பார்க்கவேண்டும். துறவோர் குழுவில் நுழைவாயில் ஒடுக்கம், வெளிவாயில் திறப்பு. அடிமைக் கூட்டத்தில் இது தலைகீழ்.

ஆசீர்வாதப்பர் என்று நம் கத்தோலிக்க முன்னோர் வழங்கிய பெனெதிக்து முனிவர், ஆறாம் நூற்றாண்டில் தம் மடத்தாருக்கு ஓர் ஒழுங்கு நூல் இயற்றினார். மேனாட்டுத் துறவு மடங்கள் பெரும்பாலும் அதன் வழியே நடந்துவந்தன. அதன் 58-ஆம் அத்தியாயம் புதிதாய்ச் சேர வருவோரைப் பற்றியது. வருபவனை எளிதிற் சேர்க்கலாகாது. நான்கைந்து நாள் கதவைத் தட்டிக் காத்திருக்க விடவேண்டும். சேர்த்தபின் இரண்டு மாதம் கழித்து ஒழுங்கு முழுவதையும் அவனுக்கு வாசித்துக் காட்டவேண்டும். பின்னும் ஆறு மாதம் கழித்து ஒருமுறை. பின்னும் நான்கு மாதம் கழித்து ஒருமுறை. கைக்கொள்ள இயலுமாயின் நிற்கலாம், இயலாதாயின் தாராளமாகப் போகலாம் என்று அவனுக்கு அறிவிக்கவேண்டும். இவ்வாறு ஒரு வருஷம் முழுவதும் சோதித்த பின்னரே அவன் பொருத்தனை செய்யலாம். அப்போது அவன் உடுத்திவந்த உடையைக் களைந்து மடத்து உடையை அணிவிப்பர். களைந்த உடையை என் செய்வது? எரிப்பதில்லை, ஏழைகளுக்குக் கொடுப்பதுமில்லை. உடைச்சாலையில் பத்திரமாக வைத்திருக்கவேண்டும். பிற்காலத்தில் அவன் பிசாசின் தூண்டுதலால் மடத்தைவிட்டுப் போக உடன்படுவானாயின், அவனுக்குரியதை அவனுக்கு உடுத்தி அனுப்பவேண்டுமே!

இதிலுள்ள நேர்மையைக் கவனியுங்கள். வெளியேறுவது நன்று என்று அம்முனிவர் சொல்லவில்லை. அதனைப் பிசாசின் தூண்டுதல் என்றே எண்ணுகிறார். அங்ஙனம் எண்ணியும், அவனுடைய பழைய உடையைப் பாதுகாத்து வைக்கிறார். ஒருவன் போவதை வெறுத்தாலும் அவன் போகும் உரிமையை அழிக்காமை இதுவே.

கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ஆம் வருஷத்துச் சட்டத் தொகுப்பும் இப்பழைய நெறியையே விரித்துரைக்கிறது. 17 வயது நிரம்பாதவரைப் புகுநிலைப் பயிற்சிக்குச் சேர்த்தலாகாது. பயிற்சி 12 மாதத்திற்குக் குறையலாகாது. அதன்பின் செய்யும் முதல் வார்த்தைப்பாடு மூன்று வருஷத்திற்குக் குறையாததும் ஆறு வருஷத்திற்கு மேற்படாததுமான ஒரு காலவரையறைக்கே செய்யப்படும். அக்காலம் முடிந்ததும் விரும்பாதவர் வீடு திரும்பலாம். ஆகவே, இன்று ஒரு பெண் மடத்திற் சேர்ந்தால், அவள் நிரந்தரமாகக் கட்டுப்படுவதற்கு நான்கு வருஷமேனும் ஆகும். வெளியேறுவோர் தாம் செய்த உழைப்புக்குக் கூலி கேட்க இயலாது என்பது மெய்யே. ஆயினும் அவரை நியாயத்தோடும் அன்போடும் நடத்தவேண்டுமென்று அச்சட்டமே விதிக்கிறது. தம் உள்ளக்கிடக்கையை வெளியிடுமாறு தலைவர்கள் தமக்குக் கீழ்ப்பட்டோரை எவ்விதத்திலும் வற்புறுத்தலாகாது என்றும் ஒரு விதி உண்டு. இவ்விதிகள் எங்கும் எப்போதும் செவ்வையாய்க் கைக்கொள்ளப்படுகின்றனவென்று யாம் சாதிக்க வரவில்லை. விதி இருக்குமிடத்தில், மீறப்பட்டதென்று முறையிடவாவது இடமுண்டு.

வெளிவாயில் அடைபட்டால் என்ன நேரும் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. ஜிம் ஜோன்ஸ் என்னும் அமெரிக்கப் போதகர் 1950-களில் இந்தியானாபோலிஸ் நகரத்தில் ஒரு சபை தொடங்கினார். வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாய் அமரலாகாதென்ற அந்நாட்களில் இருசாராரையும் ஒரே ஆலயத்தில் அமர்த்தினார், ஏழைகளுக்கு உணவளித்தார். தொடக்கத்தில் அவர் செய்தவை நற்செயல்களே என்பதை மறுப்பதற்கில்லை. அதனாலேயே நல்லவர்கள் பலர் அவர்பாற் சென்றனர். பின்னர் அவர் கலிபோர்னியாவுக்கும், அங்கிருந்து, நம் நாட்டார் பலர் கரும்புத் தோட்டக் கூலிகளாய்ச் சென்று குடியேறிய கயானா தேசத்துக் காட்டுக்கும் தம் மக்களைக் கொண்டுபோனார். அங்கே அவர்களுடைய பாஸ்போர்ட்டுகளும் பணமும் தலைமையகத்தார் கையிலே இருந்தன. 1978 நவம்பரில் லியோ ரயன் என்னும் அமெரிக்கப் பிரதிநிதிச் சபை அங்கத்தினர் நேரில் விசாரிக்கச் சென்றார். ஆயிரத்துக்குச் சற்றுக் குறைந்த அம்மக்களில் ஏறக்குறைய 15 பேர் தாங்கள் ஊர் திரும்ப விரும்புவதாக அவரிடம் கூறினர். பதினைந்தே பேர்! ஒரு மடத்திலோ ஆசிரமத்திலோ இது வருத்தத்திற்குரியதொரு செய்தியாய் முடிந்திருக்கும். அங்கே ரயனும் வேறு நால்வரும் விமானத் திடலிற் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே நாளில், நவம்பர் 18-இல், குழந்தைகள் ஏறக்குறைய 300 பேர் உட்பட 900-க்கு மேற்பட்டோர் நஞ்சினால் மாண்டனர். 2023-இற் கென்யா தேசத்து ஷாகஹோலா காட்டில், இயேசுவைக் காண உபவாசமிருந்து சாகுமாறு போதிக்கப்பட்டோரின் சடலங்கள் 400-க்கு மேல் தோண்டியெடுக்கப்பட்டன. எல்லாக் கூட்டங்களும் இவ்வெல்லைக்குச் செல்வதில்லை. பெரும்பாலானவை ஒரு மாணவனின் படிப்பையோ, ஒரு குடும்பத்தின் நிலத்தையோ விழுங்கி அமைதியாய் இருந்துவிடுகின்றன. அதனாலேயே அவை பத்திரிகைகளில் வருவதுமில்லை.

வாயிலுக்கு அடுத்தபடியாகக் காணவேண்டுவது தலைவனுடைய நிலை. அவனுக்கு மேலே ஒருவர் உண்டா, கீழே உள்ளவர் அவனைக் கேள்வி கேட்கலாமா என்பன இரு வினாக்கள். பெனெதிக்து முனிவர், முக்கியமான காரியங்களில் மடத்தலைவர் எல்லாரையும் கூட்டி யோசனை கேட்கவேண்டுமென்றும், இளையவனுக்கே சிறந்த வழியை ஆண்டவர் பலமுறை வெளிப்படுத்துகிறாரென்றும் எழுதிவைத்தார். குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக்கரையிலே, 1950 மார்ச்சு 21-இல் ஜூல் மோன்ஷானென் அடிகளும் ஆன்றி லெ சோ அடிகளும் சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினர். சாந்திவனம் என்பதும் அதுவே. காவியுடை, தரையிலமர்தல், இந்திய முறைத் தியானம் என்று எல்லாம் புதுமை. எனினும் திருச்சிராப்பள்ளி மேற்றிராணியார் மென்தோன்சா ஆண்டகையின் அனுமதி பெற்றே அது தொடங்கப்பட்டது. அவ்விருவரும் ஒரே மனத்தினரல்லர். அத்வைதத்தில் லெ சோ அடிகள் ஆழ்ந்துசென்ற தூரம் மோன்ஷானென் அடிகளுக்குக் கவலையளித்தது. அதுபற்றி ஒருவர் மற்றவரைச் சபிக்கவுமில்லை, துரத்தவுமில்லை. மோன்ஷானென் 1957-இற் காலமானார். லெ சோ 1968-இல் பீட் கிரிஃபித்ஸ் அடிகளிடம் ஆசிரமத்தை ஒப்புவித்துவிட்டு இமயமலைப் பக்கம் சென்றார். தொடங்கினவரே விட்டுச் செல்லக்கூடிய ஓர் இடம் அது. தன் ஸ்தாபனத்தைப் பிறர் கையிற் கொடுத்துவிட்டுப் போன அடிமைக் கூட்டத் தலைவன் எவனேனும் உண்டா என்று தேடிப் பார்த்தோம், எமக்கு அகப்படவில்லை.

கிறிஸ்தவரல்லராயினும் நம் மாவட்டத்துப் பெரியார் ஒருவரை இங்கே நினையாதிருக்க முடியவில்லை. சிதம்பரத்தை அடுத்த மருதூரிற் பிறந்து, வடலூரில் 1867-இல் சத்திய தருமச்சாலையை நிறுவிய இராமலிங்க அடிகள், தம்மை 'இராமலிங்கசாமி' என்று வழங்குவது ஆரவாரமென்று கருதி, அவ்வாறு வழங்கவேண்டாமென்று அன்பருக்குக் கடிதம் எழுதித் தடுத்தார். அத்தருமச்சாலையில் உண்ண வருவோரை நீ எம்மைச் சேர்ந்தவனா என்று கேட்பதில்லை. நம் கிறிஸ்தவப் போதகர் சிலருடைய விளம்பரப் பலகைகளை நெடுஞ்சாலையிற் காணுந்தோறும் அக்கடிதம் எம் நினைவுக்கு வருகிறது.

பெரிய திருச்சபையின் அங்கீகாரம் பெற்றுவிட்டால் ஆபத்தில்லை என்று எவரும் இறுமாந்திருக்கவும் வேண்டாம். மெக்சிகோ தேசத்தில் மார்சியல் மசியேல் என்பவர் நிறுவிய கிறிஸ்துவின் படையணி என்னும் துறவற சபை ரோமாபுரியின் முழு அங்கீகாரம் பெற்றது. மேலதிகாரிகளைக் குறைகூறுவதில்லை என்று அதன் உறுப்பினர் தனியானதொரு வார்த்தைப்பாடு கொடுத்திருந்தனர். அந்நிழலில் அவர் செய்த பாலியற் கொடுமைகள் பல்லாண்டு மறைந்துகிடந்தன. 2006-இல் அவரைப் பொது ஊழியத்தினின்றும் விலக்கிய பாப்பானவர் பதினாறாம் பெனெதிக்து, 2007-இல் அவ்வார்த்தைப்பாட்டையும் ஒழித்தார். குறைகூறாமை என்பது நற்குணம்போலவே தோன்றும். நம் வீடுகளிலும் பெரியோரைக் குறைகூறலாகாது என்றுதானே பிள்ளைகளை வளர்க்கிறோம்! ஆயினும் அதனைப் பொருத்தனையாக்கி ஒருவரது வாயைக் கட்டும்போது, கட்டப்பட்டவர் அவர், காக்கப்பட்டவர் வேறொருவர்.

கீழ்ப்படிதலே துறவின் உயிர்நிலை அன்றோ, அதற்கும் அடிமைத்தனத்திற்கும் என்ன வேறுபாடு என்று ஒரு மாணவர் எம்மை வினவினார். நல்ல வினா. துறவி கீழ்ப்படிவது எழுதப்பட்ட ஓர் ஒழுங்கிற்கு. தலைவரும் அதே ஒழுங்கிற்குக் கீழ்ப்பட்டவர். இன்று கட்டளையிடுபவர் நாளை பதவிக்காலம் முடிந்து, பாத்திரம் துலக்கும் முறையில் தம் பங்கைச் செய்வார். அடிமைக் கூட்டத்தில் எழுதப்பட்டதொன்றும் இல்லை. இருந்தாலும் நேற்றிரவு தலைவனுக்கு உண்டான தரிசனம் அதனை மாற்றிவிடும். எதை உண்பது, யாரை மணப்பது, வீட்டிலிருந்து வந்த கைபேசி அழைப்பை ஏற்பதா என்பனவெல்லாம் அவன் வாயிலிருந்தே வரவேண்டும். பணமும் அவ்வாறே. துறவி வறுமை வார்த்தைப்பாடு கொடுக்கிறார். அவர் தலைவரும் கொடுக்கிறார். கணக்கு ஆண்டுதோறும் பிறரால் தணிக்கை செய்யப்படுகிறது. மற்றக் கூட்டத்தில் வறுமை சீஷருக்கு மட்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. நம் பிள்ளை நாம் வகுத்த வழியில் உத்தியோகமும் மணமும் பெறவில்லை என்ற ஏமாற்றமும், நம் பிள்ளை சிறைப்பட்டுவிட்டான் என்ற அச்சமும் ஒன்றல்ல. துக்கத்தில் அவை ஒன்றாகவே தோன்றும். அப்போது, அவன் மகிழ்ச்சியாயிருக்கிறானா என்று கேட்பதால் தெளிவு பிறவாது. தொடக்கத்தில் எல்லாரும் மகிழ்ச்சியாகவே இருப்பர். அவனைத் தனியே காண விடுகின்றனரா, உடன்பிறந்தாளின் கலியாணத்துக்கு அனுப்புகின்றனரா, முன்பு அங்கிருந்து விலகியவர் யாரேனும் உளரா, அவரைப் பற்றி எவ்வாறு பேசுகின்றனர் என்று கேளுங்கள். இக்கடைசி வினா மிகவும் பயன்படும். விலகியவரைப் பற்றி வருத்தத்தோடு பேசினால் அஞ்சவேண்டியதில்லை. துரோகி, யூதாஸ், சாபமடைந்தவன் என்று பேசினால், அல்லது ஒருவரும் விலகியதே இல்லை என்று பெருமை கொண்டால், உடனே மகனைத் தேடிச் செல்லுங்கள். சென்றவிடத்திற் சண்டையிடவேண்டாம். சண்டையிட்டால், வீட்டார் சத்துருக்கள் என்று தலைவன் முன்பே சொல்லிவைத்தது மெய்யாகிவிடும். கதவு இங்கே திறந்திருக்கிறது என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்தாற் போதும்.

இனி, தொடங்கிய இடத்துக்கு வருவோம். கடலூர்த் தந்தையாரின் மகளை அந்த மடத்தார் உடனே சேர்த்துக்கொள்ளவில்லை. பட்டப் பரீட்சையை முடித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பினர். முடித்தபின்னும், ஒரு வருஷம் வீட்டிலிருந்து தந்தையின் மனத்தைத் தேற்று என்றனர். இப்போது அவள் முதல் வார்த்தைப்பாடு கொடுத்து ஒரு பள்ளியிற் கணிதம் கற்பிக்கிறாள். தந்தையார் இன்னும் முழுச் சமாதானமடையவில்லை. ஆயினும் மாதந்தோறும் சென்று பார்த்துவருகிறார். போன வருஷம் அவர் நோயுற்றபோது அவளை மூன்று வாரம் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

சிதம்பரத்து மாணவர் அந்த ஜெப வீட்டில் இரண்டு வருஷம் இருந்தார். பரீட்சை எழுதுவது அவிசுவாசத்தின் அடையாளமென்று தலைவர் போதித்ததால் படிப்பு நின்றது. தகப்பனார் இறந்த செய்தி அவருக்கு ஒன்பது நாள் கழித்தே சொல்லப்பட்டது. அதன்பின் ஓர் இரவில், உடுத்த உடையோடு நடந்து ரயில் நிலையத்துக்கு வந்து, தாயாரிடம் போய்ச் சேர்ந்தார். எம்மைக் காண வந்தபோது மெலிந்திருந்தார். எம் முகத்தை நேரே நோக்கவில்லை. அவருடைய மதிப்பெண் சான்றிதழ்கள், மாற்றுச் சான்றிதழ், தகப்பனார் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம் எல்லாம் அவ்வீட்டுப் பீரோவில் இருந்தன. மரியாதையாக மூன்று கடிதம் எழுதினோம், விடையில்லை. நகல் சான்றிதழ்கள் பெறுவதற்குரிய விண்ணப்பங்களை எம் அலுவலகத்திலேயே இருந்து நிரப்பினார். நகல்கள் வந்துவிட்டன, விட்ட படிப்பை இவ்வருஷம் மீண்டும் தொடங்கியிருக்கிறார். கடிகாரத்துக்கு நகல் ஏது என்று போகும்போது சொன்னார்.